கோப்பு வேறு, ஆவணம் வேறு: விஎஸ் கோட் நீட்சி எழுதத் தொடங்குபவர்களுக்கு

நான் எழுதிய முதல் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), நண்பர் ஒருவர் அரை மணி நேரம் தட்டெழுதியதை இல்லாமல் ஆக்கிவிட்டது. அது செய்ய வேண்டியிருந்த வேலை மிகச் சிறியது: கோப்பைப் படித்து, சில எழுத்துகளைச் சரிசெய்து, மீண்டும் எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓடவைக்கும் நோட்.ஜேஎஸ் தரும் வழக்கமான கோப்புச் செயற்கூறுகளைக் கொண்டு வட்டிலிருந்து படித்தேன், வட்டிலேயே எழுதினேன். நண்பரோ அதே கோப்பை விஷுவல் ஸ்டுடியோ கோட் (விஎஸ் கோட்) எடிட்டரில் திறந்து, சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சேமிக்க முயன்றபோது, வட்டில் இருப்பது இதைவிடப் புதியது என்று எடிட்டர் மறுத்தது. குழம்பிப்போன அவர் சேமிக்காமலேயே மூடிவிட்டார்.

தவறு முழுவதும் என்னுடையது. கோப்பும் ஆவணமும் ஒன்றே என்று நினைத்திருந்தேன். கோப்பு என்பது வட்டில் கிடக்கும் பைட்டுகள். ஆவணம் என்பது எடிட்டர் அந்தப் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றி நினைவகத்தில் வைத்திருக்கும் உரை. பயனர் ஒரு விசையைத் தட்டிய அடுத்த கணமே இரண்டும் வேறுவேறாகிவிடுகின்றன. அவர் சேமிக்கும்போதுதான் மறுபடி ஒன்றாகின்றன. நீட்சி எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் "நான் இப்போது தொடுவது எதை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான விடைகள்தாம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு நீட்சியை எடுத்துக்கொள்வோம். "கொடி" என்ற சொல்லில் உள்ள "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறிகளாக வைக்கலாம்; ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பல கைகள் மாறி வந்த தமிழ்க் கோப்புகளில் இந்தக் கலப்படத்தைப் பார்க்கலாம். மூன்றாகப் பிரிந்து கிடப்பதை இரண்டாகச் சேர்ப்பதுதான் நம் நீட்சியின் வேலை.

தொடங்கும் முன்

நோட்.ஜேஎஸ் நிறுவியிருக்க வேண்டும். "யோ கோட்" என்னும் அதிகாரப்பூர்வ வார்ப்புரு உருவாக்கி, டைப்ஸ்கிரிப்ட் நீட்சி ஒன்றின் எலும்புக்கூட்டை ஆக்கித் தரும். அந்தக் கோப்புறையைத் திறந்து எஃப்5 விசையை அழுத்தினால், உங்கள் நீட்சி ஏற்றப்பட்ட இன்னொரு விஎஸ் கோட் சாளரம் திறக்கும். சோதனை எல்லாவற்றையும் அங்கேயே செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையில் செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் "வொர்க்ஸ்பேஸ்" அல்லது "விண்டோ" என்று தட்டி ஒரு புள்ளி வைத்தால் விரியும் பட்டியலில், நான் சொல்லும் பெயரை அதன் சரியான எழுத்துக்கூட்டலோடு காண்பீர்கள்.

ஒன்றை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் நீட்சி எடிட்டருக்குள் ஓடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனிச் செயல்முறையில் ஓடுகிறது. நீட்சி மோசமாக நடந்துகொண்டாலும் தட்டெழுதுபவரின் திரை உறைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே உங்கள் கைக்கு வரும் ஆவணம், எடிட்டரிடம் உள்ள உரையின் நகல்தான். அதை நேரடியாக மாற்ற முடியாது. மாற்றித் தரும்படி கேட்கத்தான் முடியும். கோப்பைத் திறப்பது, படிப்பது, திருத்துவது என எல்லாச் செயற்கூறுகளும் விடையை உடனே தராமல் வாக்குறுதிகளை (ப்ராமிஸ்) திருப்பித் தருவதற்கும் இதுவே காரணம். "அவெய்ட்" போட மறந்துவிட்டால் வேலை முடியும் முன்பே அடுத்த வரி ஓடத் தொடங்கிவிடும்.

முதலில் முகவரி

புதியவர்கள் கோப்பின் பாதையை வெறும் சரமாக வைத்துக்கொண்டு வேலை செய்யப் பார்ப்பார்கள். விஎஸ் கோடில் ஒவ்வொரு கோப்புக்கும் ஆவணத்துக்கும் முகவரியாக இருப்பது "யூரி" என்னும் பொருள். அதன் முதல் உறுப்பு "ஸ்கீம்", அதாவது அந்த ஆவணம் எவ்விடத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பு. வட்டில் உள்ளதற்கு "ஃபைல்" என்று இருக்கும். இன்னும் பெயரே வைக்காத புதிய ஆவணத்துக்கு "அன்டைட்டில்ட்". கிட் வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டப்படும் பழைய வடிவத்துக்கு "கிட்". தொலைவிலுள்ள கணினியில் இருக்கும் கோப்புக்கு வேறொன்று. ஸ்கீமைப் பார்க்காமல் "எஃப்எஸ்பாத்" என்ற உறுப்பை எடுத்து நோட்.ஜேஎஸ்ஸிடம் கொடுத்தால், "ஃபைல்" அல்லாத எல்லா இடத்திலும் நீட்சி உடைந்துபோகும்.

பாதையிலிருந்து முகவரி செய்ய "யூரி.ஃபைல்" இருக்கிறது, ஏற்கெனவே முகவரி வடிவில் உள்ள சரத்தைப் படிக்க "யூரி.பார்ஸ்" இருக்கிறது. இவற்றை மாற்றிப் போடுவது மிகப் பரவலான பிழை. விண்டோஸ் பாதை ஒன்றை பார்ஸிடம் கொடுத்தால் முன்னால் நிற்கும் வட்டின் பெயரெழுத்தையே ("சி:" என்பதில் உள்ள சி) ஸ்கீம் என்று எடுத்துக்கொள்ளும். "சி# பாடங்கள்" என்று ஒரு கோப்புறை இருந்தால் # குறிக்குப் பின்னுள்ள அனைத்தையும் பாதையிலிருந்து கழித்துவிடும். கோப்புறையோடு கோப்பின் பெயரைச் சேர்க்கச் சரங்களை ஒட்டாதீர்கள், "யூரி.ஜாயின்பாத்" எல்லா இயங்குதளங்களிலும் சரியாகச் சேர்க்கும்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. முகவரியை "டூஸ்ட்ரிங்" கொண்டு சரமாக்கினால் ககரம் ஒன்றே சதவீதக் குறிகளோடு 9 எழுத்துகளாக நீளும். ஒப்பிடுவதற்கும் அட்டவணையில் சாவியாக வைப்பதற்கும் அதுதான் சரி. பயனருக்குக் காட்ட அது உதவாது. அவருக்குக் காட்ட "வொர்க்ஸ்பேஸ்.ஆஸ்ரிலேட்டிவ்பாத்" பயன்படுத்துங்கள். திறந்துள்ள கோப்புறையிலிருந்து தொடங்கும் பாதையை அது படிக்கும்படி தரும்.

"திறந்துள்ள கோப்புறை" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். பயனர் கோப்புறை எதையும் திறக்காமல் ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்திருக்கலாம். அப்போது "வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்ஸ்" என்பதில் மதிப்பே இருக்காது. அல்லது மூன்று கோப்புறைகளை ஒன்றாகத் திறந்திருக்கலாம். பட்டியலின் முதல் கோப்புறையே எப்போதும் சரியானது என்று கொள்ளாதீர்கள். கையில் ஆவணத்தின் முகவரி இருந்தால், அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்பதை "கெட்வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்" சொல்லும்.

கண்முன் இருக்கும் ஆவணம்

நம் நீட்சியின் முதல் கட்டளை, திரையில் உள்ள ஆவணத்தைச் சரிசெய்வது. "விண்டோ.ஆக்டிவ்டெக்ஸ்ட்எடிட்டர்" என்பதிலிருந்து தொடங்குங்கள். எந்த ஆவணமும் திறந்திராதபோது இதற்கு மதிப்பு இருக்காது. அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம். எடிட்டர் கிடைத்ததும் அதன் "டாக்குமென்ட்" உறுப்பில் ஆவணம் இருக்கும்.

ஆவணத்தில் அடிக்கடி தேவைப்படுபவை சில. "கெட்டெக்ஸ்ட்" முழு உரையையும் தரும். ஒரு வரம்பைக் கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் தரும். "லைன்அட்" ஒரு வரியைத் தரும். "இஸ்டர்ட்டி" என்பது சேமிக்காத மாற்றம் உள்ளதா என்று சொல்லும். என் முதல் நீட்சி இந்த ஓர் உறுப்பையாவது பார்த்திருந்தால் நண்பரின் உழைப்பு தப்பியிருக்கும். "வெர்ஷன்" என்பது ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடிக்கொண்டே போகும் எண். திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

வரி எண்கள் நிரலில் 0-இல் தொடங்குகின்றன. திரையில் 1-இல் தொடங்குகின்றன. பயனருக்குச் செய்தி காட்டும்போது ஒன்றைக் கூட்டுங்கள்.

வரிக்குள் இருக்கும் இடத்தை எண்ணுவதுதான் தமிழோடு வேலை செய்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய பகுதி. "பொசிஷன்" பொருளில் உள்ள "கேரக்டர்" எண், நாம் வகுப்பில் படித்த எழுத்தை எண்ணுவதில்லை. யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. ஆவணத்தில் அது 5 அலகு: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யுடிஎஃப்-8 கோப்பாக வட்டில் அதுவே 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள். வட்டிலிருந்து பைட்டுகளாகப் படித்து, பைட் கணக்கில் கண்டுபிடித்த இடத்தை ஆவணத்தில் பயன்படுத்தினால், அடிக்கோடு வேறெங்கோ போய் விழும். ஆங்கில உரையில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. அங்கே மூன்று நீளங்களும் ஒன்றுதான்.

வழக்கமான தமிழ் எழுத்துகள் ஒவ்வொரு குறிக்கும் ஓர் அலகு என்ற கணக்கில் வரும். ஆனால் 2019-இல் யூனிகோட் 12.0 சேர்த்த தமிழ்க் கூடுதல் தொகுதியில் உள்ளவை, முந்திரி எனப்படும் 1/320 போன்ற பழைய பின்னக் குறிகள், ஆளுக்கு இரண்டு அலகுகள் எடுக்கும். கல்வெட்டு, ஓலைச்சுவடி உரைகளோடு வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். "கண்ணுக்குத் தெரியும் எழுத்து" என்ற கணக்கே வேண்டுமென்றால், ஜாவாஸ்கிரிப்டில் உள்ள "இன்ட்டெல்.செக்மென்டர்" பெருமளவு சரியாகப் பிரித்துத் தரும், "க்ஷ"வை மட்டும் இரண்டாகப் பிரிக்கும்.

உரையில் தேடப் பயன்படும் ஒழுங்குச் சட்டங்களிலும் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) ஒரு பள்ளம் இருக்கிறது. பின்சாய்கோட்டோடு டபிள்யூ எழுதிச் சொற்களைத் தேடினால் தமிழ் ஒன்றுமே அகப்படாது. யூனிகோட் பண்புகளில் "எழுத்து" வகையை மட்டும் கேட்டால் "தமிழ்" என்பது துண்டுதுண்டாக உடையும்; ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் "குறி" என்னும் வேறு வகை. இரண்டு வகைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

உரையில் ஒன்றைக் கண்டுபிடித்ததும், அது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது அலகு என்ற எண்தான் கையில் இருக்கும். அதை வரி, இடம் என்று மாற்ற நீங்களே வரிகளை எண்ண வேண்டாம். "பொசிஷன்அட்" அதைச் செய்யும். விண்டோஸ் வரி முடிவு இரண்டு அலகுகள், லினக்ஸ் வரி முடிவு ஒன்று என்ற கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மாற்றச் சொல்லிக் கேட்பது

பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் கண்டுபிடித்துவிட்டோம். இனித் திருத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் சரங்களில் உள்ள "நார்மலைஸ்" செயற்கூறு, என்எஃப்சி என்னும், பிரிந்த குறிகளைச் சேர்த்து வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் ஒகரக் குறியாகச் சேர்த்துவிடும். இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஓகாரக் குறியாகும். "கௌ" என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்போடு ளகரத்தைத் தட்டி "கெள" என்று எழுதியிருப்பதை இது திருத்தாது. யூனிகோடின் கண்ணில் அது ளகரமேதான். அதற்குச் சொல்லறிவு வேண்டும். அதை இந்த நீட்சியில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

திரையில் உள்ள ஒரே ஆவணத்தைத் திருத்த, எடிட்டர் பொருளின் "எடிட்" போதும். அது தரும் கட்டுமானப் பொருளிடம் இந்த வரம்பை இப்படி மாற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொருள், "எடிட்"டிடம் நீங்கள் கொடுக்கும் செயற்கூற்றுக்குள் மட்டுமே உயிரோடு இருக்கும். உள்ளே "அவெய்ட்" போட்டுக் காத்திருந்துவிட்டுப் பிறகு பயன்படுத்த முடியாது. ஆகவே கணக்குகளை எல்லாம் முன்பே முடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பல ஆவணங்களைத் திருத்த "வொர்க்ஸ்பேஸ்எடிட்" என்ற பொருளை உருவாக்கி, திருத்தங்களை அதில் அடுக்கி, "வொர்க்ஸ்பேஸ்.அப்ளைஎடிட்" என்று ஒரே முறையில் கொடுங்கள். அதில் உரைத் திருத்தங்கள் மட்டும் இருந்தால், நடந்தால் எல்லாம் நடக்கும், ஒன்று தவறினாலும் எதுவும் நடக்காது. பாதிக் கோப்புகள் மாறி, பாதி மாறாமல் நிற்கும் அவலம் வராது.

இரண்டிலும் பொருந்தும் சில உண்மைகளைச் சொல்கிறேன்.

வரம்புகள் எல்லாம் திருத்தம் தொடங்கும் முன்பிருந்த உரையைக் குறிக்கின்றன. முதல் திருத்தம் ஓர் அலகைக் குறைத்துவிட்டதே, அடுத்த இடத்தை நகர்த்த வேண்டுமே என்று கணக்குப் போட வேண்டியதில்லை. வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திரும்பி வரும் மதிப்பு மெய்யா பொய்யா என்று பாருங்கள். நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே பயனர் ஏதாவது தட்டியிருந்தால் திருத்தம் மறுக்கப்படலாம். கணக்கைத் தொடங்கும்போது "வெர்ஷன்" எண்ணைக் குறித்துக்கொண்டு, கொடுக்கும் முன் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்.

முழு ஆவணத்தையும் எடுத்துவிட்டுப் புதிய உரையை வைப்பது எழுதுவதற்கு எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பயனரின் சுட்டி இடம் மாறும். அவர் தேர்ந்தெடுத்திருந்த பகுதி கலையும். 2 எழுத்தை மாற்றியதற்கு 2,000 வரிகள் மாறியதாக மற்ற நீட்சிகள் எல்லாம் ஓடி வரும். மாறிய இடங்களை மட்டும் தொடுங்கள்.

கடைசியாக, திருத்தம் சேமிப்பு அல்ல. திருத்திய ஆவணம் சேமிக்காத நிலையில் நிற்கும்; பயனர் அதைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் ஒரே விசையில் பின்வாங்கலாம். இது குறைபாடு என்று தோன்றினால் மீண்டும் யோசியுங்கள். அவருடைய உரையில் நாம் கை வைத்திருக்கிறோம். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை. நானாக "சேவ்" செய்வது, பயனர் வெளிப்படையாகக் கேட்ட இடத்தில் மட்டும்தான்.

திறக்காமல் கிடக்கும் கோப்புகள்

அடுத்த கட்டளை, கோப்புறையில் உள்ள எல்லா உரைக் கோப்புகளையும் சரிபார்ப்பது. "வொர்க்ஸ்பேஸ்.ஃபைண்ட்ஃபைல்ஸ்" ஒரு தேடல் வடிவத்தை வாங்கிக்கொண்டு முகவரிகளின் பட்டியலைத் தரும். விலக்கு வடிவம் எதையும் கொடுக்காவிட்டால் பயனர் "ஃபைல்ஸ்.எக்ஸ்க்லூட்" அமைப்பில் மறைத்தவை விலக்கப்படும், ஆனால் "சர்ச்.எக்ஸ்க்லூட்" அமைப்பில் உள்ளவை விலக்கப்படாது. ஆகவே திட்டம் சார்ந்திருக்கும் நூலகங்கள் குவிந்து கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை நீங்களே எழுதி விலக்குங்கள். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாத பல்லாயிரம் கோப்புகள் வந்து நிற்கும்.

பட்டியல் வந்ததும் இரண்டு வழிகள் உண்டு. "வொர்க்ஸ்பேஸ்.ஓப்பன்டெக்ஸ்ட்டாக்குமென்ட்" அந்தக் கோப்பை ஆவணமாக ஏற்றித் தரும். திரையில் காட்டாது, காட்ட "விண்டோ.ஷோடெக்ஸ்ட்டாக்குமென்ட்" தனியாக உண்டு. ஏற்கெனவே திறந்திருந்தால் சேமிக்காத மாற்றங்களோடு கூடிய உரையே கிடைக்கும். மற்ற வழி "வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ்.ரீட்ஃபைல்". அது வட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே தரும்.

1,000 கோப்புகளையும் ஆவணங்களாகத் திறக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் "ஆவணம் திறந்தது" என்ற நிகழ்வு எழும். நிறுவியுள்ள மற்ற நீட்சிகள் எல்லாம் அதைக் கேட்டு அலசத் தொடங்கும். கணினியின் விசிறி இரையும். நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் "வொர்க்ஸ்பேஸ்.டெக்ஸ்ட்டாக்குமென்ட்ஸ்" பட்டியலில் அந்த முகவரி உள்ளதா என்று பார்க்கிறேன். இருந்தால் அந்த ஆவணத்தின் உரையை எடுக்கிறேன். இல்லாவிட்டால் பைட்டுகளைப் படித்து, "டெக்ஸ்ட்டிகோடர்" கொண்டு எழுத்தாக்கிச் சோதிக்கிறேன். பிழை இருக்கும் கோப்புகளை மட்டும் ஆவணமாகத் திறந்து, அந்த ஆவணத்தின் உரையிலிருந்தே இடங்களை மறுபடி கணக்கிட்டு, திருத்தங்களை அடுக்குகிறேன். பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட இடங்களை ஆவணத்துக்குக் கொண்டுபோவதில்லை. பயனர் அந்தக் கோப்புக்கு வேறொரு குறியாக்கத்தை (என்கோடிங்) அமைத்திருந்தால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

ஆவணமாகத் திறப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு: 50 மெகாபைட்டைத் தாண்டிய கோப்பை நீட்சிகளுக்குத் தர எடிட்டர் மறுத்துவிடும். படம், ஒலி போன்ற இருமக் கோப்புகளும் ஆவணமாகத் திறக்காது. இந்தப் பிழைகளைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோப்பை விட்டுவிட்டோம் என்று பயனரிடம் சொல்லுங்கள். திறந்த ஆவணத்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கவும் வேண்டாம். அதன் ஆயுள் எடிட்டரின் கையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். முகவரியை வைத்திருங்கள், தேவைப்படும்போது மறுபடி கேளுங்கள்.

திஸ்கி, டாப், டாம் என்று யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களில் எழுதிய கோப்புகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அவற்றை எடிட்டர் அறியாது. ஆவணமாகத் திறந்தால் பொருளற்ற குறிகள் தெரியும், அந்த நிலையில் சேமித்தால் மூலமும் கெடலாம். அத்தகைய கோப்புகளுக்கு ரீட்ஃபைல்தான் சரியான வாசல். பைட்டுகளை எடுத்து, உங்கள் அட்டவணைப்படி யூனிகோடாக மாற்றி, வேறு பெயரில் புதிய கோப்பாக எழுதுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

வட்டில் எழுதும்போது

"வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ்" 2019-இல் வந்தது. அதற்கு முன் எழுதிய நீட்சிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் நோட்.ஜேஎஸ்ஸின் கோப்புச் செயற்கூறுகளை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். கோப்பு தொலைக் கணினியில் இருந்தாலும், இன்னொரு நீட்சி உருவாக்கிய மெய்நிகர்க் கோப்பகத்தில் இருந்தாலும், உலாவியில் ஓடும் விஎஸ் கோடில் இருந்தாலும் வொர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ் ஒரே மாதிரி வேலை செய்யும். உலாவியில் நோட்.ஜேஎஸ்ஸே கிடையாது. "பஃபர்" என்னும் வகையும் அங்கே இல்லை. எழுத்தைப் பைட்டாக்க "டெக்ஸ்ட்என்கோடர்" பயன்படுத்துங்கள்.

கோப்பு இருக்கிறதா என்று கேட்கத் தனிச் செயற்கூறு இல்லை. "ஸ்டாட்" அழைத்து, "ஃபைல்நாட்ஃபவுண்ட்" பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிழை எதுவானாலும் கோப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அனுமதி மறுப்பும் பிழையாகத்தான் வரும். ஸ்டாட் தரும் வகை எண்ணையும் கவனியுங்கள். கோப்புக்கு 1, கோப்புறைக்கு 2, குறியீட்டு இணைப்புக்கு 64. இணைப்பு வழியாக வரும் கோப்புக்கு இரண்டும் கூடி 65. ஆகவே 1-க்குச் சமமா என்று கேட்காமல், அந்தப் பிட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சில கோப்புகளின் தலையில் பைட் வரிசைக் குறி என்னும் 3 பைட்டுகள் இருக்கும். ஆவணத்தின் உரையில் அது தெரியாது. டெக்ஸ்ட்டிகோடரும் அதைக் கழித்துவிடும். படித்ததை அப்படியே திரும்ப எழுதினால் அந்தக் குறி காணாமல் போகும். விண்டோஸில் சில பழைய மென்பொருள்கள் அதை நம்பித்தான் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. பயனரின் கோப்புகளை ஆவணத்தின் வழியாகவே திருத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: எடிட்டர் குறியையும் குறியாக்கத்தையும் காப்பாற்றித் தரும்.

அழிக்க நேர்ந்தால் "யூஸ்ட்ராஷ்" விருப்பத்தைக் கொடுத்துக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புங்கள்.

உங்கள் நீட்சிக்கென்று வைத்துக்கொள்ளும் கோப்புகளுக்குத் தனி இடம் உண்டு. சொற்பட்டியல் போன்று எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவானவை "குளோபல்ஸ்டோரேஜ்யூரி" காட்டும் கோப்புறைக்குப் போகட்டும். இந்தத் திட்டத்துக்கு மட்டுமானவை "ஸ்டோரேஜ்யூரி"க்கு. பின்னதற்கு, கோப்புறை திறந்திராதபோது மதிப்பு இருக்காது. அந்தக் கோப்புறைகள் முன்பே உருவாகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். "கிரியேட்டைரக்டரி"யை முதலில் அழையுங்கள், இடையில் இல்லாத கோப்புறைகளையும் அதுவே உருவாக்கிவிடும். நீட்சி நிறுவப்பட்ட கோப்புறைக்குள் எதையும் எழுதாதீர்கள். அடுத்த பதிப்பு புதிய கோப்புறைக்கு வரும். பழையதில் எழுதியவை பழையதோடு போய்விடும்.

மாற்றங்களைக் காது கொடுத்துக் கேட்பது

"ஆன்டிட்சேஞ்ச்டெக்ஸ்ட்டாக்குமென்ட்" ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒலிக்கும். சேமித்த நிலை மாறினாலும் ஒலிக்கும். அப்போது மாற்றங்களின் பட்டியல் காலியாக இருக்கும், அதைக் கண்டதும் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் முழு ஆவணத்தையும் அலசாமல், கடைசித் தட்டலுக்குப் பிறகு அரை நொடி காத்திருந்து ஒரு முறை அலசுங்கள். இந்த நிகழ்வுக்குள்ளிருந்தே ஆவணத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தமே மறுபடி நிகழ்வை எழுப்பும். முடிவில்லாத சுழற்சியில் சிக்குவீர்கள். பின்வாங்கல் விசையை அழுத்தியதால் வந்த மாற்றத்தை நீங்கள் மறுபடி திருத்தினால், பயனரால் பின்வாங்கவே முடியாமல் போகும். நிகழ்வில் உள்ள "ரீசன்" உறுப்பு அதைக் காட்டிக்கொடுக்கும்.

சேமிக்கும் நேரத்தில் தானாகத் திருத்த "ஆன்வில்சேவ்டெக்ஸ்ட்டாக்குமென்ட்" இருக்கிறது. திருத்தங்களை அதன் "வெய்ட்அன்ட்டில்" வழியாகத் திருப்பிக் கொடுங்கள். இங்கே நேரம் அளந்து கொடுக்கப்படுகிறது. அடிக்கடி தாமதிக்கும் அல்லது பிழை எழுப்பும் நீட்சியை எடிட்டர் அழைப்பதையே நிறுத்திவிடும். தானியங்கிச் சேமிப்பால் வந்த அழைப்பா என்றும் பாருங்கள். பயனர் ஒரு சொல்லின் நடுவில் இருக்கும்போது அவர் கைக்குக் கீழே எழுத்தை மாற்றுவது முறையல்ல.

"ஆவணம் மூடியது" என்ற நிகழ்வைத் தாவல் மூடியதன் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். தாவலை மூடியவுடனே அது வர வேண்டும் என்பதில்லை. ஆவணத்தின் மொழியை மாற்றினாலும் மூடல், திறப்பு என்று இரண்டு நிகழ்வுகள் வரும்.

கோப்பின் பெயர் மாறியதைச் சொல்லும் "ஆன்டிட்ரீனேம்ஃபைல்ஸ்", எடிட்டருக்குள் பயனர் செய்த மாற்றத்துக்கும் அப்ளைஎடிட் வழியாக வந்ததற்கும் மட்டும் ஒலிக்கும். முனையத்திலோ வேறு மென்பொருளிலோ மாற்றினால் ஒலிக்காது. அவற்றுக்கு "கிரியேட்ஃபைல்சிஸ்டம்வாட்சர்" வேண்டும். எவ்வளவு குறுகிய வடிவத்தைக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கிக் கொடுங்கள். கேட்பவர்களையும் கண்காணிப்பவர்களையும் "கான்டெக்ஸ்ட்.சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" பட்டியலில் சேர்த்துவிட்டால், நீட்சி நிறுத்தப்படும்போது தாமாகவே விடுவிக்கப்படுவார்கள்.

வெளியிடும் முன் சோதிக்க வேண்டியவை

நீட்சியை மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன் நான் இவற்றையெல்லாம் கையால் ஒரு முறை செய்து பார்க்கிறேன். கோப்புறை திறக்காமல் ஒற்றைக் கோப்பு. இரண்டு கோப்புறைகள் ஒன்றாக. பெயர் வைக்காத புதிய ஆவணம். "சி# பாடங்கள்" போல # குறியும் இடைவெளியும் தமிழும் கலந்த பெயர். விண்டோஸ் வரி முடிவுள்ள கோப்பு, பைட் வரிசைக் குறியுள்ள கோப்பு. கட்டளையை ஓடவிட்டு, அது முடியும் முன் வேகமாகத் தட்டெழுதுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேமிக்காத மாற்றங்கள் இருக்கும் ஆவணத்தின்மேல் நீட்சியை ஓடவிட்டு, பின்வாங்கல் விசையால் பழைய உரை முழுவதும் திரும்புகிறதா என்று பார்ப்பது.

உலாவிப் பதிப்பு 2021 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. அதிலும் உங்கள் நீட்சி ஓட வேண்டுமென்றால், பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் "மெயின்" மட்டும் போதாது; "பிரவுசர்" என்ற சாவியில் உலாவிக்கான நுழைவுக் கோப்பையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸின் கோப்புச் செயற்கூறு ஏதாவது ஓர் இடத்தில் மிஞ்சியிருந்தாலும் அங்கே அது பிழையாக வெளிப்பட்டுவிடும்.